பார்ப்பது என் கையில், பிடிப்பது என் கையில் இல்லை: ஜூலியட்டின் மூன்று வரிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஆங்கில இலக்கியத் துறை மாணவர்களை வைத்து ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைத் தமிழில் மேடையேற்றினோம். 90 நிமிடத்துக்குச் சுருக்கிய பிரதி, எட்டு வார ஒத்திகை, இரண்டு மாலைக் காட்சிகள். மொழிபெயர்ப்பும் இயக்கமும் என் பொறுப்பு. நடித்தவர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவ மாணவியர். யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. யார் எந்தப் பாத்திரத்தில் நடித்தார்களோ அந்தப் பாத்திரத்தைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

இந்த ஆய்வு முழு நாடகத்தைப் பற்றியது அல்ல. முதல் அங்கம், மூன்றாம் காட்சியில் பாரிஸ் என்ற வரனைப் பற்றி அம்மா கேட்கும்போது ஜூலியட் சொல்லும் மூன்று வரிப் பதிலைப் பற்றியது. அந்த மூன்று வரியை நாங்கள் இரண்டு முறை தவறாகச் செய்தோம். தவறு செய்த இடத்தில் அது தெரியவே இல்லை. மூன்றாம் அங்கத்தில் அப்பா மகளைத் திட்டும் காட்சியில்தான் வெளியே வந்தது. இதே நாடகத்தைப் பாடமாக நடத்துகிறவர்களுக்கும் மேடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கதையைத் தமிழ்நாட்டு ஊருக்கு மாற்றலாமா என்ற பேச்சு முதல் வாரத்திலேயே வந்தது. தாம்பூலத் தட்டு, பஜ்ஜி சொஜ்ஜி, பெண் பார்க்கும் படலம் எல்லாம் வைத்தால் பார்வையாளர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள் என்றார்கள் மாணவர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள், பார்க்கப்படுகிறவள் பெண். நாடகம் நடக்கும் இத்தாலிய நகரமான வெரோனாவில் ஜூலியட்டின் அம்மா மகளிடம், ‘இன்றிரவு விருந்துக்கு அவன் வருகிறான், அவன் முகத்தை ஒரு புத்தகத்தைப் போல வாசித்துப் பார்’ என்கிறாள். அங்கே பார்க்கிறவள் பெண். ஜூலியட்டின் பதில் முழுக்கப் ‘பார்ப்பது’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பதை மாற்றிவிட்டால் அந்தப் பதிலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. ஆகவே வெரோனா வெரோனாவாகவே இருந்தது.

காட்சியில் என்ன இருக்கிறது

ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயது ஆகவில்லை. ஜூலை 31 அன்று இரவுதான் 14 நிறைகிறது என்று அவளை வளர்த்த ஆயா கணக்குச் சொல்கிறாள், அதற்கு இரண்டு வாரமும் சில நாளும் இருக்கின்றன என்கிறாள் அம்மா. இந்த வயதை ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார். அவர் கதையை எடுத்துக்கொண்ட ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டு நெடுங்கவிதையில் அவளுக்கு வயது 16. அன்றைய இங்கிலாந்தில் திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதில் திருமணம் செய்யலாம்தான். ஆனால் பெரும்பாலான பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணம் செய்துகொண்டார்கள். அப்போது நாடகம் பார்த்தவர்களுக்கும் 13 சின்ன வயதாகத்தான் பட்டிருக்கும்.

இன்னொரு மாற்றம் எங்களுக்கு மிக முக்கியமாக இருந்தது. புரூக்கின் கவிதையில் பாரிஸ் வருவதே ரோமியோ நாடு கடத்தப்பட்ட பிறகுதான். மகள் அழுதுகொண்டே இருக்கிறாளே, கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து அப்போதுதான் வரன் தேடுகிறார்கள். ஷேக்ஸ்பியர் பாரிஸை முதல் அங்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அதாவது ரோமியோவை ஜூலியட் பார்ப்பதற்கு முன்பே வரன் வந்துவிடுகிறது, அவளிடம் கேட்டும் விடுகிறார்கள். யார் மேலும் ஆசை இல்லாத, யாருக்கும் வாக்குக் கொடுக்காத ஒரு பெண் என்ன சொல்வாள் என்பதை நமக்குக் காட்டுவதற்காகவே இந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

காட்சியில் அவள் பேசுவது மொத்தம் ஐந்தே முறை. யார் கூப்பிட்டது என்று கேட்டு வருகிறாள். இதோ இருக்கிறேன், என்ன வேண்டும் என்கிறாள். பேசிக்கொண்டே போகும் ஆயாவைப் போதும் நிறுத்து என்கிறாள். கல்யாணத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அம்மா கேட்டதும், அது நான் கனவிலும் நினைக்காத கௌரவம் என்கிறாள். கடைசியாக, ‘சுருக்கமாகச் சொல், பாரிஸின் காதலை ஏற்க முடியுமா?’ என்ற கேள்விக்கு அந்த மூன்று வரி. மற்ற நேரமெல்லாம் ஆயா பேசுகிறாள், அம்மா பேசுகிறாள். பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிய பேச்சில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

மூன்று வரியின் பொருள் ஏறக்குறைய இது: பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பார்ப்பேன், பார்ப்பதால் பிடித்தம் வருமென்றால். ஆனால் உங்கள் சம்மதம் எவ்வளவு விசை கொடுக்கிறதோ அதற்கு மேல் என் கண் அம்பாக ஆழப் பாயாது.

முதல் வெள்ளோட்டத்தில் கண்டது

என் முதல் மொழிபெயர்ப்பில் வரி இப்படி இருந்தது: ‘பார்க்கலாம் அம்மா. பிடித்தால் சரி. ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்கு மேல் போக மாட்டேன்.’ வாயில் சுலபமாக வருகிறது என்று அப்போது திருப்தியாகவே இருந்தது.

நான்காவது வாரம் முதலாண்டு மாணவர்கள் சுமார் 30 பேரை உட்காரவைத்து வெள்ளோட்டம் விட்டோம். ஜூலியட் ‘பார்க்கலாம் அம்மா’ என்று சொன்னதும் அரங்கம் சிரித்தது. ஏன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தமிழில் ‘பார்க்கலாம்’ என்றால் முடியாது என்பதன் மரியாதையான வடிவம். கடன் கேட்டவரிடம் சொல்வோம், கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடம் சொல்வோம். ஜூலியட்டாக நடித்த மாணவியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல் ஆயாவைப் பார்த்து ஓர் உதட்டோரச் சிரிப்பு சிரித்தார். கைதட்டல்கூட வந்தது. காட்சி நன்றாகப் போகிறது என்றுதான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சி. ரோமியோவுடன் ரகசியத் திருமணம் முடிந்து, அவன் நாடு கடத்தப்பட்டு, விடியற்காலையில் பிரிந்து போன உடனே அம்மா வந்து வியாழக்கிழமை பாரிஸோடு கல்யாணம் என்கிறாள். ஜூலியட் மறுக்கிறாள். அப்பா காப்யூலெட் வெடிக்கிறார். நாடகத்திலேயே கொடுமையான காட்சிகளில் ஒன்று. அதற்கும் பார்வையாளர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது சலிப்பு தெரிந்தது.

முடிந்ததும் கருத்துச் சீட்டு கொடுத்திருந்தோம். ஒரு சீட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘அவள்தான் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே, அப்பா ஏன் இப்போதுதான் கேட்டதுபோல் கத்துகிறார்?’

அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன். தவறு எங்கே என்று எனக்குக் காட்டியது அதுதான். முதல் காட்சியிலேயே ஜூலியட்டைக் கலகக்காரி ஆக்கிவிட்டால், அதுவரை ஒருமுறைகூட மறுத்திராத மகள் முதன்முதலாக மறுக்கிற அதிர்ச்சி மூன்றாம் அங்கத்தில் காணாமல் போகிறது. அப்பாவும் முட்டாளாகத் தெரிகிறார். ‘எல்லா விஷயத்திலும் அவள் என் சொல்படி நடப்பாள்’ என்று முந்தின இரவு பாரிஸுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு மேடையில் ஆதாரமே இல்லாமல் போயிற்று.

முதல் திருத்தம்: முழுப் பணிவு

அப்படியானால் பணிவாகச் சொல்லட்டும் என்று முடிவெடுத்தேன். காரணம் எளிது: அம்மாவை அவள் அழைப்பதே மூலத்தில் மரியாதைச் சொல்லால்தான். மாணவிகள் ஒத்திகையில் தங்கள் வீட்டுப் பழக்கத்தில் அம்மாவை ‘நீ’ என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அதை ‘நீங்கள்’ ஆக்கினோம். அந்த மாற்றம் இறுதிவரை நின்றது, நன்றாகவும் இருந்தது. ஆயாவிடம் மட்டும் ‘நீ’. யாரிடம் நெருக்கம், யாரிடம் தூரம் என்பது ஒரே எழுத்தில் தெரிந்துவிட்டது.

ஆனால் பதிலைத் தலைகுனிந்து, குரல் தாழ்த்தி, ‘நீங்கள் சொன்னால் சரி’ என்ற தொனியில் சொல்லவைத்தது இரண்டாவது தவறு. ஐந்தாவது வாரம் துறை ஆசிரியர்கள் முன்னால் நடத்திய வெள்ளோட்டத்தில் காட்சி உயிரே இல்லாமல் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. விருந்தில் ரோமியோவுக்குச் சொல்லுக்குச் சொல் பதில் கொடுத்து அவனோடு சேர்ந்து ஒரு பதினான்கு வரிப் பாட்டையே கட்டி முடிக்கிற பெண் இவள்தானா என்று கேட்டார் ஒரு மூத்த ஆசிரியர். ‘ஒரே இரவில் எப்படி மாறினாள்?’ என்றார். நியாயமான கேள்வி. அவள் மாறவில்லை, நாங்கள்தான் இரண்டு வேறு பெண்களை மேடையில் நிறுத்தியிருந்தோம்.

மாணவி கண்டுபிடித்தது

அடுத்த நாள் ஒத்திகையை நிறுத்திவிட்டுத் துறை வகுப்பறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆளுக்கொரு தாளில் சொந்த மொழிபெயர்ப்பு எழுதச் சொன்னேன். இருபது நிமிடம். எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்: ‘பிடிக்க’ என்ற சொல்லில்.

ஜூலியட்டாக நடித்த மாணவி தாளில் இரண்டு சொல்லை எழுதி அடியில் கோடிட்டுக் காட்டினார். ‘நான் பார்க்கிறேன்.’ ‘எனக்குப் பிடிக்கிறது.’ பிறகு சொன்னார்: “சார், பார்க்கிறதுக்கு ‘நான்’ வருது. பிடிக்கிறதுக்கு ‘எனக்கு’ தான் வருது. நான் பிடிக்கிறேன்னு சொன்னா கையில் எதையோ பிடிக்கிற மாதிரி ஆயிடும். அவ சொல்றதே இதுதானே? பார்க்கிறது நான் செய்ற வேலை, செய்றேன். பிடிக்கிறது எனக்கு நடக்கிற விஷயம், அதை நான் எப்படிச் செய்ய முடியும்?”

மேசையில் இருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எத்தனையோ ஆண்டு இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக அந்த வரி எனக்கு விளங்கியதில்லை. மூலத்தில் ஒரே சொல்லை வினையாகவும் பெயராகவும் திருப்பித் திருப்பி வைத்து விளையாடியிருப்பதால் இந்த வேறுபாடு ஒலிநயத்துக்குள் மறைந்து கிடக்கிறது. தமிழ் இலக்கணம் அதைப் பிரித்து மேசை மேல் வைத்துவிட்டது. ஜூலியட் மறுக்கவில்லை, பணியவும் இல்லை. தன்னால் செய்ய முடிந்ததை முழு மனதோடு செய்கிறேன் என்கிறாள், செய்ய முடியாததற்கு வாக்குக் கொடுக்க மறுக்கிறாள். பதின்மூன்று வயதுப் பெண் சொல்லக்கூடிய மிக நேர்மையான பதில் அது.

அன்று மாலைக்குள் வரி இப்படி ஆனது:

‘பார்க்கிறேன் அம்மா. பிடிக்க வேண்டும் என்றேதான் பார்க்கிறேன், பார்ப்பதால் பிடித்துப்போகும் என்றால். ஆனால் உங்கள் சம்மதம் என்கிற வில் எவ்வளவு தூரம் விடுகிறதோ, அவ்வளவு தூரம்தான் என் கண் போகும்.’

‘என்றால்’ என்ற சொல்லை வாக்கியத்தின் முடிவில் வைத்தது அந்த மாணவியின் தேர்வு. அம்மா ‘பிடிக்க வேண்டும் என்றேதான் பார்க்கிறேன்’ என்பதைக் கேட்டதும் திருப்தியாகத் தலையை ஆட்டித் திரும்பத் தொடங்கிவிடுகிறாள், ‘என்றால்’ வருவதற்கு முன்பே. ஆயா மட்டும் அதைக் கேட்கிறாள்.

சம்மதம் யார் கையில்

மூன்றாம் வரியில் வரும் ‘சம்மதம்’ எங்களை இன்னொரு தவறுக்குக் கொண்டுபோய் விட்டது. இது முழுக்க என்னுடையது. நேரம் போதவில்லை என்று முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் பாதியை வெட்டியிருந்தேன். காப்யூலெட்டும் பாரிஸும் பேசிக்கொள்ளும் இடம். வெட்டியதில் போன வரிகளைத் திரும்ப எடுத்து வாசித்தபோது பதறிப்போனேன்.

அங்கே காப்யூலெட் நல்ல தகப்பன். என் மகள் இன்னும் உலகம் அறியாதவள், இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்கிறார். என் மற்ற நம்பிக்கைகளை எல்லாம் மண் விழுங்கிவிட்டது, மிஞ்சியவள் இவள் ஒருத்திதான் என்கிறார். அவளிடம் பேசு, அவள் மனத்தை வெல்லு, என் விருப்பம் அவள் சம்மதத்தில் ஒரு பகுதிதான், அவள் தேர்ந்தெடுத்தால் என் சம்மதமும் அதிலேயே அடக்கம் என்கிறார்.

அப்பா சொல்கிறார்: அவள் சம்மதித்தால் நான் சம்மதிக்கிறேன். அடுத்த காட்சியிலேயே மகள் அம்மாவிடம் சொல்கிறாள்: உங்கள் சம்மதம் விடும் தூரம்தான் என் கண் போகும். ஒருவர் மற்றவர் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்கிறார், மற்றவர் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு பேரும் ஒரே அறையில் இல்லை. அப்பா சொன்னது மகளுக்குத் தெரியாது, மகள் சொன்னது அப்பாவுக்குத் தெரியாது. நடுவில் இருந்த அம்மாவோ ‘என்றால்’ என்பதைக் கேட்காமலேயே நகர்ந்துவிட்டாள். இது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் இரவு அதே காப்யூலெட், மகளைக் கேட்காமலேயே, இன்று என்ன கிழமை, திங்களா, புதன் சீக்கிரம், சரி வியாழன் என்று நாள் குறிக்கிறார். இரண்டு கோடை மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட் செத்த துக்கம் ஒரு காரணம், பாரிஸ் இளவரசனின் உறவினன் என்பது இன்னொரு காரணம்.

இத்தனைக்கும் அக்காலத் திருச்சபைச் சட்டத்தில் திருமணத்தைத் திருமணம் ஆக்குவது மணமக்கள் இருவரின் சம்மதம்தான். காப்யூலெட் முதலில் பேசியது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல, முறையும் அதுவே.

வெட்டிய வரிகளை மீட்டோம். மூன்று நிமிடம் கூடியது. அதற்கு ஈடாக வேலைக்காரர்கள் வரும் இரண்டு இடங்களைக் குறைத்தேன். ‘சம்மதம்’ என்ற அதே சொல்லையே இரண்டு காட்சியிலும் வைத்தோம். ஒன்றில் ‘இசைவு’, இன்னொன்றில் ‘ஒப்புதல்’ என்று அழகுக்காக மாற்றவில்லை. பார்வையாளர் காதில் அது இரண்டு முறை விழ வேண்டும்.

அவள் உண்மையிலேயே பார்க்கட்டும்

கடைசியாக எடுத்த முடிவைத்தான் அதிகம் விவாதித்தோம். பார்க்கிறேன் என்று சொன்னவள் விருந்தில் பாரிஸைப் பார்த்தாளா? பிரதியில் ஒரு வரியும் இல்லை. விருந்து முடிந்து வெளியேறுகிறவர்களை ஒவ்வொருவராகக் காட்டி அவர் யார், இவர் யார் என்று ஆயாவிடம் கேட்கிறாள், அந்த வரிசையில்கூடப் பாரிஸ் இல்லை. நாடகம் முழுக்க அவளும் பாரிஸும் நேருக்கு நேர் பேசுவதே நான்காம் அங்கத்தில்தான்.

பார்க்காமலே ரோமியோவிடம் போய்விட்டாள் என்று காட்டினால் அவள் வாக்குத் தவறியவள் ஆகிவிடுவாள் என்றார் மாணவி. நான் முதலில் தயங்கினேன். பிரதியில் இல்லாததைச் சேர்ப்பதில் எனக்குப் பெரிய விருப்பம் கிடையாது. ஆனால் வாதம் சரியாக இருந்தது. ஆகவே நடனம் தொடங்குவதற்கு முன் இப்படி வைத்தோம்: அம்மா கண்ணால் காட்டுகிறாள். ஜூலியட் திரும்பிப் பாரிஸைப் பார்க்கிறாள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை. அவன் யாரோடோ பேசிக்கொண்டிருந்தவன், உணர்ந்து திரும்பி, அழகாகத் தலை வணங்குகிறான். அவளும் வணங்குகிறாள். அவள் கை பாவாடை மடிப்பைப் பிடித்து, விடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் மேல் ஒரு குறையும் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பாரிஸாக நடித்த மாணவரிடம் வில்லத்தனம் ஒரு துளியும் கூடாது என்று சொல்லிவைத்தேன். பாரிஸ் கெட்டவன் இல்லை. கடைசியில் ஜூலியட்டின் கல்லறைக்குப் பூக்களோடு வருகிறவன் அவன், அங்கேயே ரோமியோ கையால் குத்துப்பட்டு, அவள் பக்கத்தில் என்னைக் கிடத்து என்று கேட்டுச் சாகிறவன். கெட்ட வரனை மறுப்பது எளிது. இங்கே எல்லோரும் நல்லவன் என்று சொல்லும் வரன், உண்மையிலும் நல்லவன், ஆனால் பிடிக்கவில்லை.

மேடையேறியபோது

இரண்டு மாலையும் மூன்று வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. கைதட்டலும் இல்லை. ‘என்றால்’ வந்தபோது முதல் நாள் முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்ததை மேடையோரத்தில் இருந்து பார்த்தேன்.

மூன்றாம் அங்கத்துக் காட்சி முற்றிலும் வேறாக இருந்தது. ‘பெண் கேட்க வேண்டியவன் வந்து கேட்பதற்கு முன்பே கல்யாணமா, இந்த அவசரம் எதற்கு?’ என்று ஜூலியட் சொன்னபோது அது புதிய கலகமாக ஒலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே ‘என்றால்’ திரும்ப வந்தது. காப்யூலெட், ‘கை நமநமக்கிறது’ என்று கையை ஓங்கி இறக்கியதும் அரங்கில் சத்தமே இல்லை. நன்றி கெட்டவளே, தெருவில் கிட, பிச்சை எடு, பட்டினி கிட, செத்துப் போ என்று அவர் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஒரு மாதமாவது, ஒரு வாரமாவது தள்ளிப் போடுங்கள் என்று மகள் அம்மாவிடம் கெஞ்சுகிறாள். என்னிடம் பேசாதே என்று அம்மாவும் போகிறாள். இரண்டாம் நாள் அம்மாவாக நடித்த மாணவி அந்த வெளியேற்றத்தில் ஒரு நொடி தயங்கி நின்றுவிட்டார். ஒத்திகையில் இல்லாத தயக்கம். தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் நான்காம் அங்கத்தில், மயக்க மருந்தைப் பாதிரியாரிடம் வாங்கிவைத்துக்கொண்டு அப்பா முன் மண்டியிட்டு, ‘இனி எப்போதும் உங்கள் சொல்படிதான்’ என்கிறாள். அந்த இடத்தில் அவள் ‘என்றால்’ சொல்லவில்லை. நாடகத்தில் அவள் நிபந்தனை இல்லாமல் அப்பாவுக்குச் சொல்லும் சம்மதம் பொய்ச் சம்மதம். அதைக் கேட்டு அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கல்யாணத்தைப் புதன்கிழமைக்கே முன்னால் இழுக்கிறார். அந்த ஒரு நாள் மாற்றம் கதையை இன்னும் நெருக்கிவிடுகிறது.

முதல் வெள்ளோட்டத்தில் அந்தச் சீட்டை எழுதிய மாணவர் இரண்டாம் நாள் வந்திருந்தார். ‘இப்போது அப்பா கத்துவது புரிகிறது சார், ஆனால் அதனால் அவர் மேல் இன்னும் கோபம் வருகிறது’ என்றார்.

அடுத்த முறை மாற்றுபவை

ஒத்திகையை முதல் அங்கத்தில் இருந்து தொடங்க மாட்டேன். மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியை முதலில் வாசித்துவிட்டு, அதற்கு எந்த முதல் காட்சி வேண்டும் என்று பின்னோக்கி வருவேன். இதைச் செய்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

மொழிபெயர்ப்பை முடித்துக் கையில் கொடுக்காமல், நெருக்கடியான வரிகளை நடிக்கப் போகிறவரையே முதலில் எழுதச் சொல்வேன்.

மாணவர்களைப் பற்றிய ஒன்று. காப்யூலெட்டின் வசவுகளை ஒத்திகை பார்த்த வாரம் குழுவில் ஒரு மாணவி இரண்டு நாள் வரவில்லை. வீட்டில் அவருக்கு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. நான் முன்பே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. திரும்பி வந்தவர் உடையலங்காரப் பொறுப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார். இனி அந்தக் காட்சிக்கு முன்னால் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுவேன். ஒத்திகை முடிந்ததும் உடனே கலைந்து போகவிடாமல், டீ வரவழைத்து அரைமணி நேரம் உட்காரவைப்பேன்.

‘கனவிலும் நினைக்காத கௌரவம்’ என்ற வரியையும் மறுபடி பார்க்க வேண்டும். 1597இல் வந்த முதல் அச்சுப் பிரதியில்தான் ‘கௌரவம்’ என்ற சொல் இருக்கிறது. 1599 பிரதியிலும் 1623இன் தொகுப்பிலும் அந்த இடத்தில் ‘நேரம்’ என்ற சொல் அச்சாகியிருக்கிறது. பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் ‘கௌரவம்’ என்பதையே எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்து ஆயா பேசுவதற்கும் அதுதான் பொருந்துகிறது. ஆனால், ‘அந்த நேரத்தை நான் கனவிலும் நினைத்ததில்லை அம்மா’ என்று ஒரு பதின்மூன்று வயதுப் பெண் சொல்வதை ஒருமுறையாவது மேடையில் கேட்டுப் பார்க்க ஆசை.

கடைசியாக, நேரத்துக்காக நான் வெட்டி, மீட்காமலே விட்ட ஓர் இடம். நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில் பாதிரியாரின் அறையில் பாரிஸ் அவளைச் சந்திக்கிறான். ‘வா, என் மனைவியே’ என்கிறான். ‘நான் மனைவியாகும்போது அப்படி இருக்கலாம் ஐயா’ என்கிறாள் அவள். ‘இருக்கலாம் இல்லை, வியாழக்கிழமை இருந்தே ஆக வேண்டும்’ என்கிறான். ‘ஆக வேண்டியது ஆகும்’ என்கிறாள். வேறொருவனின் மனைவியாக நின்றுகொண்டு, பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல், அன்றைக்கும் அவள் ‘என்றால்’ போட்டுத்தான் பேசுகிறாள். நடித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாத இடம். அடுத்த ஆண்டுக்கான பிரதியில் அதைச் சேர்த்தாயிற்று.